கனகாம்பிகை வீட்டுச் சட்டிப்பாய்

பருத்தித்துறையில் கடலைப் பார்த்து இறங்கும் அந்த ஒழுங்கையில், எந்த வீட்டில் எப்போது சோற்றுப் பானையை இறக்கி வைத்தார்கள் என்பது துஷாந்தினியின் உடம்பில் தெரியும். கனகாம்பிகை வீட்டுப் பானை என்றால் இடது உள்ளங்கை சுடும். பராசக்தி வீட்டுப் பானை என்றால் வலது முழங்கை. சுடுகிற இடத்தில் குற்றிக்காசு அளவில் ஒரு சிவந்த வட்டம் எழும்பி, பானை ஆற ஆற அதுவும் மங்கி மறைந்துவிடும். சூடு மட்டுமல்ல, பாரமும் தெரியும். நிறைந்த பானை என்றால் அந்த இடத்தில் யாரோ விரலை ஊன்றி அழுத்துவது போல இருக்கும்; அரைப்பானை என்றால் தொட்டுவிட்டு எடுத்தது போல. ஆஸ்பத்திரியில் காட்டியபோது பூசுவதற்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதை ஒழுங்காகப் பூசினாள். பானைகள் தங்கள் பாட்டில் சுட்டுக்கொண்டிருந்தன.

இதற்கெல்லாம் காரணம் அவள் தைத்த சட்டிப்பாய்கள். அவளுடைய கணவன் தேவராசா பஸ் சாரதி. யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடுகிறவன். டவுனில் தையல்கடைகள் கழித்துப்போடும் வெட்டுத் துண்டுகளை உரப்பையில் கட்டி, கடைசி சீற்றுக்குக் கீழே தள்ளிக் கொண்டுவருவான். துஷாந்தினி அவற்றைத் தோய்த்துக் காயவைத்து, நிறம் பார்த்து அடுக்கி, நடுவில் பழைய துவாயோ கிழிந்த கம்பளியோ வைத்து, மெசினில் குறுக்கும் மறுக்குமாக ஓட்டி, ஒரு சாண் அகலத்தில் சதுரமாகவும் வட்டமாகவும் தைப்பாள். ஓரத்தை மட்டும் மெசினில் அடிக்கமாட்டாள். மடியில் போட்டுக் கையாலேயே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். அடுப்பால் இறக்கிய பானையை மேசையிலோ சீமெந்து நிலத்திலோ வைப்பதற்கு அது நல்ல தோதாக இருந்தது. அதுவரைக்கும் ஒழுங்கையில் எல்லாரும் பானைக்குக் கீழே பழைய பேப்பரைத்தான் போட்டார்கள். பானையைத் தூக்கினால் அடியில் யாராவது ஒரு மந்திரியின் முகம் ஒட்டிக்கொண்டு வரும்.

முதல் சட்டிப்பாய் பக்கத்து வீட்டுக் கனகாம்பிகைக்குப் போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். கனகாம்பிகையின் கணவர் பரமலிங்கம் சொந்தப் போட்டில் கடல் தொழில் செய்தவர்; ஒரே மகள் நிவேதனா பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்தாள். கனகாம்பிகைக்கு ஒருவரிடமிருந்து ஒன்றைச் சும்மா வாங்கிப் பழக்கமில்லை. அயலில் இருந்து ஒரு கிண்ணத்தில் கறி வந்தால் அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது ஒழுங்கையில் எந்த வீட்டிலும் வழக்கமில்லை. கனகாம்பிகையோ வந்ததைவிடக் கூட வைத்துத்தான் அனுப்புவாள். அந்தச் சிறிய துணிக்குப் பதிலாக அன்று பின்னேரமே வேலிக்கு மேலால் ஒரு சட்டி நண்டு வந்தது. அடுத்த நாள் மத்தியானம் துஷாந்தினி சந்தையில் வெண்டிக்காயை நுனி முறித்துத் தெரிந்துகொண்டு நின்றபோது இடது உள்ளங்கை சுட்டது. கையை உதறினாள், ஊதினாள், வெண்டிக்காயைக் கீழே போட்டுவிட்டு விரித்துப் பார்த்தாள். வட்டம் அப்போதுதான் முதன்முதலில் தெரிந்தது.

விஷயம் பிடிபடச் சில மாதங்கள் எடுத்தன. பிடிபட்ட பிறகு யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. அவளுடைய மடியில் கிடந்து சூடேறிய துணி, சூட்டைத் திருப்பித் தருகிறது என்று பராசக்தி விளக்கம் சொன்னாள். அதைவிட நல்ல விளக்கம் ஒருவரிடமும் இல்லாததால் அதுவே நின்றுவிட்டது. ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சட்டிப்பாய் வந்தது. அந்த வீடுகளெல்லாம் அவளுடைய கைகளிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் இடம் பிடித்தன. பிறகு வெளியிலும் கேட்டார்கள். மருதனார்மடத்துச் சந்தையில் ஒரு கடைக்காரர் வாங்கி விற்றார். அவை பிடரியில் சுட்டன. யாழ்ப்பாணம் டவுனில் ஸைனம்பு என்ற பெண் ஒன்றை வாங்கிப்போனாள். அது இடது தோளில் இருந்தது. நோன்பு மாதத்தில் அந்தத் தோள் பகல் முழுக்கச் சும்மா கிடந்து, பொழுது படுகிற நேரத்தில் கஞ்சிப் பானையின் சூட்டில் இதமாகச் சிவக்கும். கனடாவுக்குப் போனவை முதுகோடு நின்றன. இங்கே பின்னேரத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் ரொறன்ரோவில் காலைச் சாப்பாட்டுக்கு யாரோ சட்டி இறக்குவார்கள். துஷாந்தினி முதுகைச் சுவரில் தேய்த்துக்கொள்வாள்.

ஒழுங்கைக்கு இதனால் வசதிதான். வேலைக்குப் போன ஆண்கள் வீட்டுக்கு வருகிற வழியில் அவளுடைய வாசல் படலையில் சைக்கிளை ஊன்றிக்கொண்டு, சாப்பாடு ஆயத்தமா என்று கேட்டுப்போவார்கள். அவளும் முழங்கையைத் தடவிப் பார்த்துப் பதில் சொல்லுவாள். மற்றவர் வீட்டு அடுப்பு ஒருத்திக்குத் தெரியும் என்றால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். துஷாந்தினிக்கும் வந்தது. பைப்படியில் தண்ணீருக்கு நிற்கும்போது, இன்னாருடைய வீட்டில் இன்றைக்குப் பானை இறங்கப் பிந்திப்போச்சு, அங்கே புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ கசமுசா போல, என்று எடுத்துவிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு தன் வீட்டுப் பக்கம் திரும்பும்வரைக்கும் பராசக்திக்குத்தான் அது அதிகம் பிடித்திருந்தது. ஆனால் துஷாந்தினியின் சொந்தக் குசினியில் சட்டிப்பாய் கிடையாது. தைத்ததெல்லாம் கேட்டவர்களுக்கே போனதால், அவள் தன்னுடைய பானையைப் பழைய சாக்குத் துண்டில்தான் வைத்தாள். அதை அந்தக் காலத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு நாட்டில் மண்ணெண்ணெய் இல்லாமல் போன வருடம் வந்தது. சமையல் காஸும் இல்லை, அரிசியும் மாவும் தொட முடியாத விலை. போட் எல்லாம் கரையில் குப்புறக் கிடந்தன. மண்ணெண்ணெய்க் கான்களைக் கயிற்றில் கோர்த்து வரிசையில் போட்டுவிட்டு, ஆண்கள் அவற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். துஷாந்தினியின் உடம்பில் பாரம் குறையத் தொடங்கியது. முதலில் வயிற்றில், பிறகு நெஞ்சில், பிறகு முழங்கையில். எல்லா வீட்டுப் பானையும் அரைப்பானையானது. தேவராசாவுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் அவளுடைய வீட்டில் மட்டும் பானை பழையபடி இறங்கியது. அது சாக்கில் இறங்கியதால் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நாட்களில் அவள் பைப்படியில் வாயைத் திறக்கவில்லை. தெரிந்துவைத்திருப்பதே ஒரு களவு போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கனகாம்பிகை வீட்டுப் பானை எல்லாவற்றையும் விட மெல்லியதாய்ப் போனது. நேரம் தவறாமல் இறங்கும்; நல்ல சூடாகவும் இருக்கும்; ஆனால் பாரமே இல்லை. உள்ளங்கையில் ஒரு ஈ வந்து குந்திய அளவு. துஷாந்தினிக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. பானையின் அடியில் ஒரு சுண்டு தண்ணீரை விட்டு, அடுப்பை மூட்டிப் புகை எழும்பவிட்டு, மூடியைத் திறந்து மூடிச் சத்தம் காட்டி, கனகாம்பிகை சமைக்காத சோற்றைச் சமைத்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் பைப்படிக்கு வந்து, “இண்டைக்கு அவர் எங்கையோ போய் நல்ல விளைமீன் கொண்டந்தார். புளி விட்டுக் குழம்பு வைச்சனான், பிள்ளை இரண்டு கோப்பை சாப்பிட்டவள்,” என்பாள். துஷாந்தினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “ஓமக்கா,” என்பாள். பக்கத்தில் நிவேதனா குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய சட்டைக் கழுத்து நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு போனது. துஷாந்தினி ஒருநாள் அரிசிப் பையொன்றை வேலித் தகரத்தில் கொழுவிவிட்டாள். அடுத்த நாள் காலையில் அது அவளுடைய பக்கத்துக் கிணற்றடியில் கட்டு அவிழாமல் இருந்தது. திருப்பி வைத்து அனுப்ப ஒன்றும் இல்லாத வீடு, வாங்கவும் மாட்டாது.

கடைசியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கிடைத்தது. பரமலிங்கமும் இன்னொருவரும் ஒரு போட்டில் போனார்கள். போனவர்கள் வருகிற நாளில் வரவில்லை. காற்று ஒன்றும் பெரிதாக அடிக்கவில்லை. எண்ணெய் முடிந்து எங்காவது இழுபட்டுப் போயிருப்பார்கள் என்று கரையில் சொன்னார்கள். கனகாம்பிகை மகளைக் கூட்டிக்கொண்டு துறையில் போய் இருந்துவிட்டாள். வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லை. துஷாந்தினியின் உள்ளங்கை, தண்ணீருக்குள் வைத்த கல் மாதிரிக் குளிர்ந்தது. ஒரு நாள் பொறுத்தாள். மறுநாளும் அது குளிர்ந்தே கிடந்தது. தாயும் மகளும் கரையில் பட்டினியாக இருக்கிறார்கள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இனி என்ன வெட்கம், என்ன மானம் என்று அவள் அடுப்பை மூட்டினாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆகவே மரக்கறிதான் சமைத்தாள்: பெரிய பானை நிறையச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. சுடச்சுட இருக்கட்டும் என்று, தோய்த்து மடித்துவைத்திருந்த துணிகளுக்குள் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்துப் பானையை மூடிக் கட்டினாள். அது வெள்ளைத் துணி. படலையைத் திறந்து, பானையை இடுப்பில் ஏந்திக்கொண்டு, பட்டப்பகலில் ஒழுங்கையால் நடந்து, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று, அடுப்பு மூட்டாத கனகாம்பிகை வீட்டுக்குள் போனாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் மரக்கறிச் சோறு சமைத்துக் கொண்டுபோவார்கள். இது ஒழுங்கையில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். துஷாந்தினி அங்கேயே பிறந்து வளர்ந்தவள், எத்தனையோ செத்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோனவள். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளுடைய புத்தியில் பசி ஒன்றுதான் இருந்தது.

பராசக்தி தன்னுடைய படலையில் நின்று பானையைப் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள், எந்த வீட்டுக்குள் நுழைகிறாள் என்று பார்த்தாள். பார்த்துவிட்டு, “ஐயோ, பரமண்ணை!” என்று தலையில் அடித்துக்கொண்டு குழறினாள். அடுப்புகளை எல்லாம் அறிந்தவள் துஷாந்தினி. கடலில் நடந்ததும் அவளுக்கு முதலில் தெரிந்திருக்கும் என்று பராசக்திக்குப் பட்டது. மற்ற வீட்டுப் பெண்களும் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். பரமலிங்கம் எவ்வளவு நல்லவர், யார் யாருடைய போட்டைக் கரை சேர்த்தவர் என்றெல்லாம் ஒப்பாரியில் வந்தது. அவரோடு வேலித் தகராறில் கோவமாக இருந்த ஒருவர் முதல் ஆளாய் ஓடிப்போய் வாடகைக் கதிரைகளுக்குச் சொல்லிவிட்டு வந்தார். வெள்ளைக் கொடிகூட ஒன்று கட்டப்பட்டது. யாரோ லண்டனுக்குப் போன் எடுத்துச் சொல்ல, அங்கேயும் அழத் தொடங்கிவிட்டார்கள். துஷாந்தினி குசினி வாசலில் பானையோடு நின்று, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் அழுகை என்றே எடுத்தார்கள்.

கனகாம்பிகையும் நிவேதனாவும் கரையிலிருந்து ஓடிவந்தபோது முற்றம் நிறையச் சனம். நிவேதனா வாசலிலேயே இருந்துவிட்டாள். கனகாம்பிகை அழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “ஆர் சொன்னது? ஆர் கண்டது?” என்று கேட்டாள். ஒருவரும் காணவில்லை. ஒருவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அழுகை நின்று, எல்லாத் தலையும் துஷாந்தினியின் பக்கம் திரும்பியது. அவள் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். மனப்பதற்றத்தில், இதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள் போல. “ஐயோ அக்கா, பரமண்ணைக்கு ஒண்டுமில்லை. நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை எண்டுதான் கொண்டந்தனான். இந்த மாசம் முழுக்க உங்கடை பானையிலை வெறும் தண்ணிதானே கொதிச்சது,” என்றாள்.

நிவேதனா முகத்தை முழங்காலுக்குள் புதைத்தாள். கனகாம்பிகையின் முகம் முதலில் வெளுத்து, பிறகு கழுத்திலிருந்து மேலே சிவந்தது. சனங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராய் வெளியே போனார்கள். அவர்களுக்கும் வெட்கம், தங்கள் தங்கள் வீட்டுப் பானையில் என்ன கொதித்தது என்பதும் இவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. எல்லாரும் போனபிறகு கனகாம்பிகை அந்தப் பானையை இரண்டு கையாலும் தூக்கி, ஒழுங்கையால் நடந்து, துஷாந்தினியின் படலையடியில் கொண்டுவந்து வைத்தாள். கட்டு அவிழ்க்கப்படவில்லை. வெறுமையாகத் திரும்பாத பாத்திரங்களின் ஒழுங்கையில் அன்று ஒரு பானை நிறையச் சோறு அப்படியே திரும்பி வந்தது. தேவராசா பின்னேரம் வந்து அதைத் தூக்கிக் குசினிக்குள் வைத்தான்.

பரமலிங்கம் அதற்கு அடுத்த நாள் பஸ்ஸில் வந்தார். போட் இழுபட்டு முல்லைத்தீவுப் பக்கம் ஒதுங்கி, அங்கே யாரோ சோறும் உடுக்கச் சாரமும் பஸ் காசும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்; கூடப் போனவர் போட்டுக்குக் காவலாக அங்கே நின்றார். யாழ்ப்பாணத்தில் அவர் ஏறியது தேவராசாவின் பஸ். தேவராசா கண்ணாடியில் அவரைக் கண்டுவிட்டுப் பஸ்ஸை நடுரோட்டில் நிற்பாட்டியதில், பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரன் தூஷணத்தால் ஏசினான். தான் செத்த கதையைப் பரமலிங்கம் பஸ்ஸில்தான் கேள்விப்பட்டார். கேட்டுச் சிரித்தார். தனக்கு இவ்வளவு சனம் வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் பிந்தி வந்திருப்பேன் என்றார். மற்றதையும் தேவராசா சொன்னபோது சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு அவர் துறையில் கடதாசி விளையாடுகிற கூட்டத்தில் இருந்ததை ஒருவரும் காணவில்லை. தொழிலுக்குப் போவார், வருவார், வலையை வீட்டுக்குள் வைத்தே பார்ப்பார்.

அந்தக் கிழமையே ஒழுங்கையில் சட்டிப்பாய்கள் மறைந்தன. சிலர் மடித்து அலுமாரிக்கு அடியில் வைத்தார்கள், சிலர் மூட்டையின் அடியில் போட்டார்கள். பராசக்தி தன்னுடையதைக் கொண்டுவந்து, “இது வேண்டாம் பிள்ளை, பேப்பர் காணும்,” என்று நீட்டினாள். ஒவ்வொரு துணி போகப்போக உடம்பில் ஒவ்வொரு இடம் குளிர்ந்தது. எந்த வீடும் ஒருநாளும் பிடிக்காத இடத்தைப் போலவா என்றால் இல்லை. மற்ற இடத்துக்கு அதன் சொந்தச் சூடு இருந்தது, இந்த இடங்களுக்கு அதுவும் இல்லை. தூரத்து வீடுகள் ஒன்றும் அறியாமல் பானையை இறக்கிக்கொண்டிருந்ததால் தோளிலும் முதுகிலும் உயிர் இருந்தது. கையும் நெஞ்சும் வயிறும் ஒழுங்கைக்குச் சொந்தமானவை. வருடங்கள் போகப்போக, பங்குனி வெயிலில் தார் உருகும்போது அவள் கனடாவிலிருந்து வந்துபோன யாரோ விட்டுவிட்டுப்போன தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் விறைத்து ஊசி பிடிக்க முடியாமல் போனது. நோன்பு மாதத்தில் மட்டும், பொழுது படும்போது கதிரையை வெளியே இழுத்துப் போட்டு, ஸைனம்பு வீட்டுக் கஞ்சி இறங்குவதற்குத் தோளைக் காட்டிக்கொண்டு இருப்பாள். ஆஸ்பத்திரியில் கையில் நாடி பிடிபடவில்லை. கழுத்தில் பிடித்துப் பார்த்து, ஆள் இருக்கிறா என்று எழுதினார்கள்.

கனகாம்பிகையும் தன்னுடைய சட்டிப்பாயைத் திருப்பித் தரவில்லை, எறியவுமில்லை. அதில் பானையை இறக்காமல் வைத்திருந்தாள். ஒருநாள் துஷாந்தினி மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். கனகாம்பிகை முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். எழும்பவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. துஷாந்தினி நின்றபடியே அழுதாள். செத்த வீட்டுச் சோறு கொண்டுவந்ததுக்குத் தன்னை மன்னிக்கச் சொன்னாள்.

“அதை நான் எப்பவோ மறந்திட்டன். அவர்தான் வந்திட்டாரே,” என்றாள் கனகாம்பிகை. “சனத்துக்கு முன்னாலை சொன்னதையும் விடு, வாய் தவறியிட்டுது. நான் ஒவ்வொரு நாளும் பைப்படியிலை நிண்டு விளைமீன் குழம்பெண்டு கதைச்சன். உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டு ஓமக்கா ஓமக்கா எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனி. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு. உன்ரை குசினியிலை என்ன கிடக்கெண்டு எங்கள் ஒருத்தருக்கும் தெரியாது, துஷா. உனக்கு எல்லாம் தெரியும்.”

துஷாந்தினி வீட்டுக்கு வந்து மெசினை மூடித் துணி போட்டாள். தான் தைத்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பழைய நாட்களில் முழங்கையைத் தடவித் தடவிச் சிரித்ததை நினைத்தால், ஜாக்கெட்டுக்குள் முகத்தை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

போன மாரியில் கடல் கொந்தளித்து வாரக்கணக்காய்ப் போட் இறங்கவில்லை. மழை ஈரம் சேர்ந்து, குளிர் துஷாந்தினியின் நெஞ்சுக்குள் இறங்கியது. பேச்சு நின்றது. தேவராசா லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தான். அப்போது ஒரு கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நிவேதனா, போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். “அம்மா, துஷா அன்ரி சாகப்போறா,” என்று அவள் சொன்னது வேலித் தகரத்துக்கு இந்தப் பக்கமும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கனகாம்பிகை, சடங்குகளுக்கு எடுக்கிற பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் பைப்படிக்கு நடந்து போனதைப் பராசக்தி கண்டாள். நிறைய நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரு துளி சிந்தாமல் இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாள். ஈர விறகு; வீடு முழுக்கப் புகை.

மத்தியானம் துஷாந்தினியின் இடது உள்ளங்கை சுட்டது. கழுத்துக்குக் கீழே உணர்வே இல்லாமல் கிடந்தவள் வீரிட்டுக் கத்திக்கொண்டு எழும்பி இருந்தாள். அப்படி ஒரு பாரம் அவள் ஒருநாளும் அறிந்ததில்லை. கை கட்டிலோடு அழுந்தி, தேவராசா இழுத்தும் எழும்பவில்லை. வட்டம் சிவந்து, பொங்கி, கொப்புளமானது. அங்கிருந்து சூடு மணிக்கட்டுக்கு ஏறியது, முழங்கைக்கு ஏறியது, நெஞ்சுக்குப் போனது. நெடுநேரத்துக்குப் பிறகு அவள் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அதே பாரம் இறங்கியது. அதற்கு அடுத்த நாளும்.

பராசக்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. போட் இறங்காத நாட்களில் அவ்வளவு பெரிய பானையில் என்னதான் சமைக்கிறாய் என்று கனகாம்பிகையிடம் நேரே போய்க் கேட்டாள். “சட்டியை முட்ட நிரப்பி வையுங்கோ. அவளுக்குப் பாரம்தான் தெரியும், பண்டம் தெரியாது. தண்ணியும் பாரம்தான், சோறும் பாரம்தான்,” என்றாள் கனகாம்பிகை. பண்டம் என்ன என்று அதற்கு மேல் சொல்லவில்லை. பராசக்தி வீட்டுக்குப் போகிற வழியில் துஷாந்தினியின் மெசினடியில் கிடந்த தன்னுடைய சட்டிப்பாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஒரு கிழமைக்குள் அலுமாரிகளுக்கு அடியிலிருந்து எல்லாத் துணிகளும் வெளியே வந்தன. இப்போது அந்த ஒழுங்கையில், உள்ள வீட்டிலும் இல்லாத வீட்டிலும், பானையை முட்ட நிரப்பித்தான் சட்டிப்பாயில் இறக்குகிறார்கள். மத்தியானத்தில் துஷாந்தினி வேலையை விட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்து கொள்ளுவாள். எழும்பினாலும் நடக்க முடியாத பாரம். ஆஸ்பத்திரியில் மறுபடியும் அந்தக் களிம்பையே கொடுத்தார்கள்.

படுக்கையிலிருந்து எழும்பி நடக்கத் தொடங்கியதும் அவள் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு சட்டிப்பாயைக் கத்தரித்தாள். உடம்பின் சூட்டில் விரல்கள் மடங்கின. கையால் ஓரம் தைத்தாள்; ஆனால் நூலைத் தான் கடிக்காமல், நிவேதனாவைக் கூப்பிட்டு அவளுடைய அம்மாவிடம் கொடுத்துக் கடித்து அறுத்துக்கொண்டு வரச் சொன்னாள். அது அறுந்து வந்தது. துஷாந்தினி அதில் பானையை வைத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் யாருக்காவது கை சுட்டதா என்று தெரியாது. சாக்குத் துண்டைத் தேவராசா பஸ் துடைக்கக் கொண்டுபோனான்.

அதற்குப் பிறகு ஒருநாள் பைப்படியில் இரண்டு பேரும் ஒன்றாக நிற்க வேண்டி வந்தது. துஷாந்தினியின் இடது கையில் சீலைத்துணி சுற்றியிருந்தது. மற்றப் பெண்கள் கதையை நிறுத்திவிட்டுத் தங்கள் குடங்களுக்குள் பார்த்தார்கள். கனகாம்பிகை அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “கடுமையாய்ச் சுடுதோ?” என்று கேட்டாள்.

“ஓம் அக்கா. நல்ல பாரம்.”

“மூண்டு பேருக்குச் சமைக்கிற வீடு. அப்பிடித்தான் இருக்கும்,” என்றாள் கனகாம்பிகை.

துஷாந்தினி நிலத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தை நேரே பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர் பிடிப்பதற்கு அவளை முன்னுக்கு விட்டாள். கனகாம்பிகை பெரிய பானையைக் குழாய்க்குக் கீழே வைத்து, விளிம்பு வரைக்கும் நிறையும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மாரியில் அந்தப் பானைக்குள் என்ன இருந்தது என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை.